டெர்மினல் கேள்வி பதில்: சிக்னல் போனாலும் வேலை போகக் கூடாது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை. அதனால் பக்கம் முழுவதையும் அந்தக் கரைக்கே ஒதுக்கிவிட்டேன். டெர்மினலில், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுத்தில் கட்டளை கொடுக்கும் ஜன்னலில், தட்டும் கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிமடம் வாசகர்: கருவாட்டு மொத்த வியாபாரம் செய்கிறோம். பில், கணக்கு எல்லாம் மும்பையில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கமாண்ட் கொடுக்கும் வழி) மூலம் உள்ளே போவேன். காற்று மழை நாளில் சிக்னல் போய்விட்டால் ஓடிக்கொண்டிருந்த பேக்கப் பாதியில் நின்றுவிடுகிறது. போன வாரம் அப்டேட் பாதியில் அறுந்து டேட்டாபேஸே எழுந்திருக்கவில்லை. நல்ல லைன் வாங்கினால்தான் தீருமா ஐயா?

பதில்: லைன் வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக ஒரு கமாண்ட் கொடுக்கும்போது அது ஓடுவது என்னவோ மும்பையில்தான், ஆனால் அது உங்கள் இணைப்போடு கட்டப்பட்டிருக்கிறது, இணைப்பு அறுந்ததும் சர்வர் அந்த வேலைக்கு 'ஹேங் அப்' என்ற சிக்னலை அனுப்புகிறது, பெரும்பாலான புரோகிராம்கள் அது வந்த உடனே செத்துவிடும். டெர்மினல்கள் தொலைபேசிக் கம்பி வழியாகப் பெரிய கம்ப்யூட்டரோடு பேசிய காலத்தில், மறுமுனையில் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்று தெரிவிக்க வந்த சிக்னல் அது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆகவே வேலையை உங்கள் இணைப்பிலிருந்து பிரித்துவிட்டால் செல்போன் சிக்னல் எத்தனை தடவை போனாலும் கவலையில்லை.

அதற்கு டீமக்ஸ் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது, 2007-இல் வந்தது, எல்லா லினக்ஸிலும் நிறுவலாம். (1987-இலிருந்தே இருக்கும் ஸ்கிரீன் என்பதும் இதே வேலையைச் செய்யும், ஏற்கெனவே அது பழக்கமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.) சர்வருக்குள் போனதும் முதல் வேலையாக 'டீமக்ஸ்' என்று தட்டுங்கள். கீழே பச்சைப் பட்டை ஒன்று வரும். இனி நீங்கள் செய்வதெல்லாம் அந்தப் பட்டைக்கு மேலே சர்வரிலேயே தங்கியிருக்கும். சிக்னல் போய், அரை மணி கழித்துத் திரும்ப வந்து, மறுபடி எஸ்எஸ்எச் போட்டு 'டீமக்ஸ் அட்டாச்' என்றால் பேக்கப் எத்தனை சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்தத் திரை அப்படியே முன்னால் நிற்கும். நீங்களாகவே விலக வேண்டுமென்றால் கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி விட்டுவிட்டு, டிட்டாச் என்பதன் முதல் எழுத்தைத் தட்டுங்கள்.

டீமக்ஸ் போடாமலே ஒரு நீண்ட வேலையைத் தொடங்கிவிட்டீர்கள், மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது என்றால் கண்ட்ரோல்–இசட் அழுத்தி நிறுத்தி, 'பிஜி' என்று தட்டிப் பின்னணியில் ஓடவிட்டு, 'டிஸ்ஓன்' என்று தட்டுங்கள். அவசரத்துக்கு இது உதவும், ஆனால் அந்த வேலை திரையில் எழுதுவதை நீங்கள் திரும்பப் பார்க்க முடியாது, கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் முடியாது.

இன்னொன்று, சிக்னல் போனதும் திரை உறைந்துபோய், எதைத் தட்டினாலும் அசையாது, பலர் அந்த ஜன்னலையே மூடிவிடுகிறார்கள். என்டர், அடுத்து அலைக்கோடு (~), அடுத்து ஒரு புள்ளி, இந்த மூன்றையும் வரிசையாகத் தட்டுங்கள், எஸ்எஸ்எச் இணைப்பை விட்டுவிட்டு உங்கள் கம்ப்யூட்டரின் டெர்மினலுக்கே திரும்பிவிடுவீர்கள்.

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸில் போகும்போதும் வேலை செய்கிறவர் என்றால் மோஷ் நிறுவிப் பாருங்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் உருவாகி 2012-இல் வெளிவந்தது. முதல் நுழைவுக்கு மட்டும் எஸ்எஸ்எச்சைப் பயன்படுத்திவிட்டு, பிறகு யுடிபி (தொடர் இணைப்பைப் பிடித்து வைக்காமல் தரவை அனுப்பும் முறை) வழியாகப் பேசுகிறது, டவர் மாறி உங்கள் ஐபி முகவரியே மாறினாலும் இணைப்பு விடாது. இரண்டு பக்கமும் நிறுவ வேண்டும், சர்வரின் ஃபயர்வாலில் 60000 முதல் 61000 வரையிலான யுடிபி போர்ட்களைத் திறக்க வேண்டும். மேலே ஓடிப்போன வரிகளை உருட்டிப் பார்க்கும் வசதி இதில் கிடையாது, அதனால் மோஷுக்குள்ளும் டீமக்ஸ் வேண்டும். அப்டேட் மாதிரி வேலையை டீமக்ஸுக்கு வெளியே ஒருநாளும் தொடங்காதீர்கள், டேட்டாபேஸ் பேக்கப் முடிந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்காமலும் தொடங்காதீர்கள்.

பாம்பன் வாசகி: எங்கள் படகின் டீசல் பில், ஐஸ் பில், ஏலச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு சர்வரில் போட்டுவைக்கிறேன். பழைய ஜேபிஜி படங்களை மட்டும் அழிக்க நினைத்து 'ஆர்எம்' கொடுத்தபோது நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது, அந்த ஃபோல்டரில் இருந்த கணக்கு ஃபைல்கள் உட்பட எல்லாமே போய்விட்டன. திரும்ப எடுக்க வழி உண்டா?

பதில்: சகோதரி, ஆர்எம் குப்பைக்கூடையில் போடுவதில்லை, நேராக அழிக்கிறது. அந்த இடைவெளியால் நட்சத்திரம் தனிச் சொல்லாகிவிட்டது, தனியாக நிற்கும் நட்சத்திரத்துக்கு 'இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாம்' என்று பொருள். அழிந்ததை மீட்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் வாடகை சர்வரில் அவற்றை நம்பிப் பயனில்லை, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். இன்றைக்கே இரண்டு இடங்களில் பாருங்கள். சர்வர் தருகிறவர்களின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் அல்லது பேக்கப் என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா? போட்டோக்கள் உங்கள் போனிலோ, அனுப்பிய வாட்ஸ்அப்பிலோ இன்னும் இருக்கின்றனவா? பில் படங்கள் பெரும்பாலும் இரண்டாவது இடத்தில் கிடைத்துவிடும்.

இனிமேலுக்கு, அழிக்கும் கமாண்டைக் கொடுக்கும் முன் அதே வடிவத்தை 'எல்எஸ்' போட்டுத் தட்டுங்கள். எல்எஸ் காட்டும் பட்டியல்தான் அழியப்போகும் பட்டியல். அது சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியைத் திரும்ப வரவழைத்து, எல்எஸ் என்பதை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள், முழு வரியையும் புதிதாகத் தட்டாதீர்கள், இடைவெளி விழுவது அப்படித் தட்டும்போதுதான். ஆர்எம்முடன் '-ஐ' சேர்த்தால், அதைப் பெரிய எழுத்தில் சேர்த்தால், மூன்றுக்கு மேற்பட்ட ஃபைல் என்றால் ஒரே ஒரு தடவை நிறுத்திக் கேட்கும். சின்ன ஐ ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்கும், நூறு ஃபைலுக்குக் கேட்டால் மனிதர் யாராக இருந்தாலும் படிக்காமல் 'ஒய்' தட்டத் தொடங்கிவிடுவார், அதனால் எனக்குப் பெரிய ஐதான் பிடிக்கும். குப்பைக்கூடை கட்டாயம் வேண்டும் என்றால் ட்ராஷ்-சிஎல்ஐ என்று ஒன்று இருக்கிறது, நிறுவிக்கொண்டு ஆர்எம்முக்குப் பதிலாக 'ட்ராஷ்-புட்' என்று பழகிக்கொள்ளுங்கள்.

முப்பது நாள் தாண்டிய ஃபைல்களை மட்டும் அழிக்க 'ஃபைண்ட்' உதவும். அதில் '-எம்டைம் +30' என்ற நிபந்தனையைக் கொடுத்து முதலில் பட்டியலை மட்டும் பாருங்கள், சரியாக இருந்தால் '-டெலீட்' என்பதைக் கடைசியில் சேருங்கள். கடைசியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும், நிபந்தனைக்கு முன்னால் டெலீட் வந்துவிட்டால் நிபந்தனையைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

கீழக்கரை வாசகர்: துபாயில் இருக்கும் என் தம்பியும் நானும் சேர்ந்து ஒரு சின்ன இணையக் கடை நடத்துகிறோம். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சர்வர் மறுத்ததும் தேடிப் பார்த்து 14 ஜிபி லாக் ஃபைல் (புரோகிராம் தன் நடவடிக்கைகளைப் பதியும் ஃபைல்) ஒன்றை அழித்தேன். அழித்த பிறகும் டிஸ்க் நிறைந்ததாகவே காட்டுகிறது. இடம் எங்கே போயிற்று?

பதில்: இடம் இன்னும் அந்த ஃபைலிடமே இருக்கிறது. லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. ஆர்எம் பெயரைத்தான் எடுக்கிறது, எந்தப் புரோகிராமாவது அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால், அது மூடும் வரை டிஸ்க்கில் இடம் விடுபடாது. உங்கள் வெப் சர்வர் பெயரில்லாத அந்த ஃபைலில் இன்னும் எழுதிக்கொண்டேகூட இருக்கலாம். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று ரூட்டாக (சர்வரில் முழு அதிகாரமும் உள்ள கணக்கில்) தட்டுங்கள் (பிளஸ் குறியை அடுத்து வருவது பெரிய எல்), பெயர் போயும் திறந்திருக்கும் ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் புரோகிராமும் தெரியும். அந்தப் புரோகிராமை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் 14 ஜிபியும் திரும்பிவிடும். அடுத்த தடவை ஓடும் லாக் ஃபைலை அழிக்காதீர்கள், 'ட்ரங்கேட் -எஸ் 0' கொடுத்துக் காலி செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு லாக்ரொட்டேட்தான், அது பழைய லாக்கைச் சுருக்கி, எண்ணிக்கை மீறினால் தானே தூக்கிவிடும்.

எது இடத்தைத் தின்கிறது என்று தேட 'டியூ -எக்ஸ்எச்' போட்டு, ஒரு படி ஆழம் மட்டும் காட்டச் சொல்லி, அதை ஒரு செங்குத்துக் கோடு வழியாக 'சார்ட் -எச்'சுக்கு அனுப்புங்கள், பெரிய ஃபோல்டர் கடைசி வரியில் வந்து நிற்கும். ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் ஊட்டும் இந்தக் கோட்டை 1973-இல் டக் மெக்கில்ராய் வற்புறுத்தியதால் கென் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்தார், தனித்தனியாகச் சின்னச் சின்ன கமாண்டுகளாக இருந்தவை சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 'ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்' போட்டு சிஸ்டம் ஜர்னல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்றும் பாருங்கள், அதை யாரும் கவனிப்பதில்லை.

ஜிபி கணக்கில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்று வந்தால் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். இஎக்ஸ்டி4 (லினக்ஸில் பரவலாக உள்ள ஃபைல் அமைப்பு) டிஸ்க்கில் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்ற எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது, லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை தீர்ந்துபோகும். அப்புறம், இதே இஎக்ஸ்டி4 இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு என்று ஒதுக்கி வைக்கும், 40 ஜிபி டிஸ்க்கில் அது 2 ஜிபி. டிஸ்க் நிறைந்த பிறகும் ரூட்டாக உள்ளே போய்ச் சுத்தம் செய்ய முடிவது அந்த 2 ஜிபியால்தான், அதைக் குறைக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள்.

சாயல்குடி வாசகர்: கருப்பட்டி விலைப் பட்டியலை தினமும் காலை 6 மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப, குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் க்ரானில் வைத்தேன். பகல் 11.30-க்குத்தான் போகிறது.

பதில்: சர்வரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். 'டைம்டேட்சிடிஎல்' தட்டினால் தெரியும். 0 நிமிடம் 6 மணி என்பதை 30 நிமிடம் 0 மணி என்று மாற்றுங்கள், இல்லையென்றால் சர்வரின் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு க்ரானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கையால் ஓட்டினால் ஓடுவது க்ரானில் ஓடாமல் போனால், கமாண்டின் முழுப் பாதையையும் எழுதுங்கள், நாம் தட்டும் கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குத் தெரியும் பாதைகளெல்லாம் க்ரானுக்குத் தெரியாது. ஃபைல் பெயரில் தேதி சேர்க்கச் சதவீதக் குறி போட்டால் அதற்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு வேண்டும், க்ரான் அந்தக் குறியை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும்.

மண்டபம், ஆராய்ச்சி மாணவி: மன்னார் வளைகுடாப் பக்கம் நீருக்கடியில் எடுத்த கடற்புல் படங்கள் ஆயிரக்கணக்கில் மெமரி கார்டுகளில் இருக்கின்றன. சென்னையில் உள்ள சர்வருக்கு 'எஸ்சிபி' கொண்டு அனுப்புகிறேன், அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக் கார்டை ஃபார்மட் செய்யவிருந்தேன், கடைசி நேரத்தில்தான் சில படங்கள் பாதி அளவில் இருப்பதைக் கவனித்தேன்.

பதில்: ஃபார்மட் செய்யாமல் நிறுத்தினீர்களே, நல்லது. கடலுக்கடியில் ஒரு நாள் கிடைத்த வெளிச்சமும் தெளிவும் திரும்பக் கிடைக்காது. எஸ்சிபியை விட்டு ஆர்சிங்க்குக்கு மாறுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதி 1996-இல் வெளியிட்டது, மெதுவான இணைப்பில் எப்படிக் குறைவாக அனுப்புவது என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வியே, நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. அந்தப் பக்கம் ஏற்கெனவே இருக்கும் ஃபைலை, அளவும் திருத்திய நேரமும் ஒன்றாக இருந்தால், தொடாமல் தாண்டிப் போகும்.

'ஆர்சிங்க் -ஏ' உடன் பெரிய 'பி' ஒன்றைச் சேருங்கள், அறுந்த ஃபைலின் பாதியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து அடுத்த தடவை அதிலிருந்து தொடரும், எவ்வளவு போயிற்று என்றும் காட்டும். பல இடங்களில் 'இசட்' சேர்க்கச் சொல்வார்கள், அது அனுப்பும்போது சுருக்குவதற்கு, ஜேபிஜி படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் பிராசஸர் சூடாவதைத் தவிர பயன் இல்லை, விட்டுவிடுங்கள். எக்செல், சிஎஸ்வி ஃபைல்கள் என்றால், சிஎஸ்விக்கு இசட் நன்றாகப் பலன் தரும், எக்செல் உள்ளுக்குள் ஏற்கெனவே சுருங்கியதுதான்.

எல்லோரும் தடுமாறும் இடம், ஃபோல்டர் பெயருக்குப் பின் வரும் சாய்வுக்கோடு. 'படங்கள்/' என்று கோடு வைத்தால் ஃபோல்டருக்குள் இருப்பது மட்டும் போகும். கோடு இல்லாமல் 'படங்கள்' என்றால் ஃபோல்டரே போய், அந்தப் பக்கம் படங்கள் என்ற பெயரில் உட்காரும். மறந்துவிட்டதா, '-என்' சேர்த்து ஓட்டுங்கள், எதையும் அனுப்பாமல் எதையெல்லாம் அனுப்பியிருக்கும் என்று பட்டியல் மட்டும் தரும். '--டெலீட்' என்ற தேர்வைச் சேர்க்கிற நாளில் '-என்' இல்லாமல் ஒருபோதும் முதல் ஓட்டம் வேண்டாம், ஏனென்றால் காலியான மெமரி கார்டைத் தவறுதலாகச் சொருகிவிட்டு ஓட்டினால் சர்வரையும் காலியாக்கிவிட்டுத்தான் நிற்கும்.

இணைப்பு அடிக்கடி அறுகிறது என்றால் ஷெல்லின் 'அன்டில்' என்பதற்குள் ஆர்சிங்க்கை வைத்து, தோற்றால் முப்பது விநாடி தூங்கிவிட்டு மறுபடி ஓடச் சொல்லுங்கள், எஸ்எஸ்எச் சாவி வைத்திருந்தால் பாஸ்வேர்ட் கேட்காமல் அது பாட்டுக்கு விடிய விடிய ஓடும். கார்டை ஃபார்மட் செய்யும் முன், 'எஸ்எச்ஏ256சம்' கொண்டு இங்கே எல்லாப் படங்களின் கைரேகையையும் ஒரு ஃபைலில் எழுதி, அதையும் அனுப்பி, சர்வரில் அதே கமாண்டை '-சி'யுடன் ஓட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 'ஓகே' வர வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் கார்டைத் தொடாதீர்கள்.

ஏர்வாடி வாசகர்: வெப்சைட்டில் படம் ஏறவில்லை. 'சிமோட் 777' போட்டால் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த சர்வரில் ஓடும் எந்தப் புரோகிராமும், நாளைக்கு உள்ளே புகும் எவரும் அந்த ஃபோல்டரில் எதையும் எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கிறீர்கள். பிரச்சினை உரிமையாளர் யார் என்பதில் இருந்திருக்கும். டெபியன், உபுண்டு என்றால் வெப் சர்வர் ஓடுவது பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பெயரில். படம் ஏறும் ஃபோல்டரை மட்டும் 'சிஎச்ஓன்' கொண்டு அந்தப் பெயருக்கு மாற்றுங்கள், பிறகு ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644. இன்னமும் மறுத்தால் 'நேம்ஐ -எல்' போட்டு முழுப் பாதையையும் கொடுங்கள், வழியில் எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று படிப்படியாகக் காட்டும். இது பலருக்குத் தெரியாத, மிக நல்ல கமாண்ட்.

தேவிபட்டினம், பள்ளி ஆசிரியர்: ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகளையும் கடல் பாட்டுகளையும் பதிவு செய்து தமிழிலேயே ஃபைல் பெயர் வைத்துச் சேமிக்கிறோம். சர்வரில் சில பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. சில ஃபைல்கள் ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன. தமிழில் பெயர் வைப்பதே தவறு, ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள் சார். லினக்ஸ் தமிழ்ப் பெயரை முழுமையாக ஏற்கும், கதை சொன்னவர்கள் மொழியிலேயே பெயர் இருப்பது சரி. கேள்விக்குறி வந்தால் ஃபைல் கெடவில்லை, பெரும்பாலும் திரைதான் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்களாகச் சேமிக்கும் முறை) புரியாமல் காட்டுகிறது. மொழி, எழுத்து அமைப்பைக் காட்டும் 'லோக்கேல்' என்பதைத் தட்டுங்கள், வரும் வரிகளில் யுடிஎஃப்-8 என்று இல்லையென்றால் லோக்கேலை 'சி.யுடிஎஃப்-8' ஆக மாற்றுங்கள், தமிழ் இந்தியா லோக்கேலும் உண்டு.

ஒரே பெயரில் இரண்டு என்பது சுவையான விஷயம். யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தைச் சேமிக்க இரண்டு வழி உண்டு. க-வும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடாக வைக்கலாம், அல்லது க, முன்னால் வரும் இரட்டைக்கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்றாகப் பிரித்தும் வைக்கலாம். கொ, கௌ வரிசைக்கும் இதே கதை. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஆப்பிள் மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்தே வைக்கும், விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் தட்டினால் பொதுவாகச் சேர்த்தே வரும், உங்கள் பள்ளியில் இரண்டு வகைக் கம்ப்யூட்டரும் இருந்தால் 'கோவில்' என்று தொடங்கும் பாட்டு இரண்டு தடவை ஏறியிருக்கும். 'கான்வ்எம்வி' என்ற கருவியை யுடிஎஃப்-8-லிருந்து யுடிஎஃப்-8-க்கு, '--என்எஃப்சி' தேர்வோடு ஓட்டினால் எல்லாவற்றையும் சேர்த்த வடிவுக்கு மாற்றும். அது முதலில் என்ன மாற்றும் என்று மட்டும்தான் காட்டும், பார்த்துத் திருப்தியான பிறகு '--நோடெஸ்ட்' சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும், எல்லாக் கருவியும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். 'தேவிபட்டினம்' நமக்கு ஏழு எழுத்து, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதால் அது 12 குறியீடு, 36 பைட். ஆக ஒரு பெயரில் 85 குறியீடுதான் கொள்ளும், விண்டோஸில் ஏற்ற நீண்ட பெயர் சர்வரில் மறுக்கப்பட்டால் காரணம் இது. பாடியவர் பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே அடைக்காமல் பக்கத்தில் ஒரு சிஎஸ்வி பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி வாசகர்: சர்வர் வாங்கி இரண்டே நாளில் லாக்கில் ஆயிரக்கணக்கான தோல்வியடைந்த நுழைவு முயற்சிகள். என்னை யார் குறிவைக்கிறார்கள்?

பதில்: உங்களைக் குறிப்பாக யாரும் இல்லை. இணையத்தில் உள்ள எல்லா முகவரியின் 22-ஆம் போர்ட்டையும் தானியங்கிப் புரோகிராம்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்ட் நுழைவையே மூடிவிட்டால் அவை எத்தனை தட்டினாலும் பலிக்காது. எஸ்எஸ்எச் பிறந்ததே பாஸ்வேர்ட் திருட்டால்தான், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்ட்களை ஒட்டுக்கேட்ட பிறகு 1995-இல் டாட்டு இலோனென் அதை எழுதினார்.

உங்கள் கம்ப்யூட்டரில் 'எஸ்எஸ்எச்-கீஜென்' ஓட்டிச் சாவி உருவாக்கி, அதற்கு ஒரு கடவுத்தொடரும் வையுங்கள். 'எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி' கொண்டு பொதுச் சாவியை சர்வரில் ஏற்றுங்கள். சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு, எஸ்எஸ்எச்டி (சர்வர் பக்கம் எஸ்எஸ்எச் நுழைவைக் கவனிக்கும் புரோகிராம்) அமைப்பில் பாஸ்வேர்ட் நுழைவை 'நோ' ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது இருக்கும் ஜன்னலை மூடாதீர்கள், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள், பூட்டிக்கொண்டாலும் முதல் ஜன்னல் வழியே திருத்தலாம். 'நோ' போட்டும் பாஸ்வேர்ட் கேட்கிறதென்றால், அமைப்புக்கான துணை ஃபோல்டரில் புது சர்வரை முதல் தடவை தயார்செய்யும் கிளவுட்-இனிட் வைத்த குட்டி ஃபைல் ஒன்று 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும், எஸ்எஸ்எச்டி முதலில் படித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும், அதையும் திருத்துங்கள்.

மூக்கையூர் வாசகர்: அண்ணே, விசைப்படகில் வேலை செய்கிறேன். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில்தான். இதைக் கற்றுக்கொள்ள ஆசை, லேப்டாப் இல்லை, ஆண்ட்ராய்டு போன் மட்டும் இருக்கிறது. முடியுமா?

பதில்: முடியும் தம்பி. எஃப்-ட்ராய்டு தளத்திலிருந்து டெர்மக்ஸ் என்ற ஆப்பை இறக்கு, போனுக்குள்ளேயே லினக்ஸ் கமாண்டுகள் வந்துவிடும், சர்வர் எதுவும் வாடகைக்கு எடுக்க வேண்டாம், இறக்கிய பிறகு பெரும்பாலான பயிற்சிக்கு நெட்டும் வேண்டாம். 'டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்' தட்டி அனுமதி கொடுத்தால் உன் போட்டோ ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியும். அவற்றை நேராகத் தொடாமல், சிலவற்றை ஒரு தனி ஃபோல்டரில் காப்பி எடுத்து அதில் பழகு.

முதல் வாரம் பிடபிள்யூடி, எல்எஸ், சிடி, லெஸ், சிபி, எம்வி போதும். எங்கே இருக்கிறேன், என்ன இருக்கிறது, எப்படிப் போவது என்பது கை தானாகச் செய்ய வேண்டும். பாதிப் பெயர் தட்டி டேப் அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும், இதைப் பழகாமல் முழுப் பெயரையும் போன் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தால் நான்கு நாளில் வெறுத்துவிடும். அப்புறம் உனக்கு நீயே கேள்வி வை: இந்த ஃபோல்டரில் எத்தனை படம், எது மிகப் பெரியது, போன தடைக்காலத்தில் எடுத்தவை மட்டும் எவை? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் விடை காண முடியும், தேடிக் கண்டுபிடி, கிடைத்த வரியை ஒரு ஃபைலில் எழுதி வை. நோட்டில் எழுதினாலும் சரிதான். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஃபைலுக்குள் சொல் தேடும் கிரெப்பும், ஃபைலையே தேடும் ஃபைண்டும். ஓப்பன்எஸ்எஸ்எச்சும் டீமக்ஸும் டெர்மக்ஸிலேயே 'பிகேஜி இன்ஸ்டால்' போட்டால் கிடைக்கும், தெரிந்தவர் யாராவது சர்வரில் ஒரு சாதாரண கணக்கு கொடுத்தால் போனிலிருந்தே உள்ளே போகலாம். ரூட் கணக்கு கொடுத்தாலும் இப்போதைக்கு வாங்காதே.

போனில் கண்ட்ரோல் விசை எங்கே என்று தேடி நிற்பாய், டெர்மக்ஸில் ஒலியைக் குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு எழுத்தைத் தட்டினால் அதுதான் கண்ட்ரோல். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் டெர்மக்ஸை நடுவில் மூடிவிட்டால் 'டெர்மக்ஸ்-வேக்-லாக்' கொடுத்துப் பார், அதற்கும் நிற்கவில்லையென்றால் போன் செட்டிங்கில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடு. சந்தேகம் வந்தால் எந்தக் கமாண்ட் கொடுத்தாய், திரையில் என்ன வந்தது என்று இரண்டையும் அப்படியே எழுதி அனுப்பு, ஜூன் 14-க்குள் வந்தால் நல்லது.